மேனேஜருக்கு ஒரு முதுகுப்பை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் நாய்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் நானும் அக்காவும் சண்டை போட்டோம். இந்தக் கதை அங்கே பிறந்தது. சண்டை இன்னும் முடியவில்லை. அக்கா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். இன்று காலை நாங்கள் மலையேறக் கிளம்ப வேண்டும். அவள் வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

முதல் வரிக்கு முயற்சி செய்யாமல் இல்லை.

மலை அவர்களுக்காக அமைதியாகக் காத்திரு... (மலைக்கு வேறு வேலை இல்லையா?)

நாய் என்பது மனிதனின் உற்ற... (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.)

அக்காவின் முதுகு போன மாதம்... (நல்ல வரிதான். ஆனால் அக்கா படித்தால் என் முதுகு என்ன ஆகும்?)

ஆகவே முதல் வரி இல்லாமலே கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களும் இதுவரை கேட்கவில்லை.

2

கதையில் மொத்தம் மூன்று பேர்தான்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். டயரைத் தட்டி, கண்ணாடியைத் திருப்பி, பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டாள். என்னையும் அப்படித்தான் வளர்த்தாள். ஓயாமல் உட்கார்ந்து ஓட்டியதில் இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் டிஸ்க் விலகி, படுத்த படுக்கையாகக் கிடந்து, இப்போதுதான் தேறியிருக்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், பாரம் மட்டும் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

நான் அவள் தங்கை. பகலில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கான கையேடுகள் எழுதுகிறேன். அவற்றை முடிப்பது சுலபம்: கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டால் போதும். கதைகளில் அந்த வசதி கிடையாது.

மூன்றாவது ஆள் எங்கள் நாய், மேனேஜர். நாங்கள் வேலை செய்வதை நின்று மேற்பார்வை பார்ப்பான், தான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டான். அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

எங்கள் வீட்டில் மலைக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. வருகிற எல்லோரும் ஒரு பங்குச் சுமை தூக்க வேண்டும். சட்டம் போட்டவள் அக்கா. ஒருமுறை எங்களோடு கையை வீசிக்கொண்டு வந்த ஒரு மனிதரை நடுவழியில் நிறுத்தித் தண்ணீர்க் கேனைக் கொடுத்துவிட்டாள். (அவர் அவளுடைய மேலதிகாரி. இந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டியிருக்கலாம்.) சாப்பாடும் மழைக்கோட்டுகளும் என் பங்கு. மேனேஜரின் தண்ணீர், கிண்ணம், துண்டு, பிஸ்கட் எல்லாம் அக்காவின் பங்கு. மேனேஜருக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்கு.

3

போன வாரம் அக்கா சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல."

"நடக்கலாம்னு டாக்டர் சொன்னாரேக்கா?"

"தூக்கக் கூடாதுன்னும் சொன்னாருல்ல. சும்மா கையை வீசிக்கிட்டு வர நான் என்ன விருந்தாளியா?"

"உன் பங்கையும் நான் தூக்கறேன்."

"இப்பவே உன் பை உன்னைவிடப் பெருசா இருக்கு. பாதி வழியில நீ உக்காந்துட்டா உன்னை யாரு தூக்கறது?"

மலை மேல் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. அக்காவின் பின்னால் நடக்கப் பிடிக்கும். சாலையில் குறுக்கே வந்த அத்தனை வண்டிக்காரர்களையும் ஒவ்வொருவராக நினைத்துத் திட்டிக்கொண்டே ஏறுவாள், உச்சிக்குப் போவதற்குள் எல்லோரையும் மன்னித்துவிடுவாள். அவள் இல்லாத மலை எனக்கு வேண்டாம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மேனேஜரின் சாமான்களை மேனேஜரே சுமந்தால் என்ன?

4

கடைக்கு அக்காவும் வந்தாள். கொக்கி, வார் விஷயத்தில் அவளுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை.

நாய்க்கான முதுகுப்பை என்பது முதுகின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு பைகள், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு வார். கடைப்பெண் முன்னங்கால்களுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றி அளவெடுத்தாள். மேனேஜர் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"வாருக்குள்ள ரெண்டு விரல் நுழையணும்," என்றாள். "பையோட சேர்த்து இவன் எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல ஏத்தாதீங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்."

முதல் பை, குழந்தைக்குப் போட்டுவிட்ட அப்பா சட்டைபோலத் தொங்கியது. எனக்குப் பிடித்தது நிறைய ஜிப் வைத்த ஒரு சிவப்புப் பை. அக்கா முதுகை வளைக்காமல் மண்டியிட்டு, மேனேஜரின் கால் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது அறுக்கும். ரெண்டு வளைவு தாண்டறதுக்குள்ள புண்ணாயிடும்," என்று கழற்றிவிட்டாள். கடைசியில் சாம்பல் நிறத்தில், அழகே இல்லாத ஒன்று. அகலமான நெஞ்சு வார், பாறையில் ஏற்றிவிட மேலே ஒரு கைப்பிடி. அது கச்சிதமாகப் பொருந்தியது. (கதையில் அதைச் சிவப்பாக மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். அக்கா விடமாட்டாள்.)

நான் பரபரவென்று கிண்ணத்தை ஒரு பக்கமும் பிஸ்கட் பொட்டலத்தை மறுபக்கமும் போட்டேன். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியாக்கா! இப்ப மேனேஜரே பங்கு தூக்கறான்!"

அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"அப்ப இந்த வீட்டுல சும்மா வர்றது நான் ஒருத்திதான்."

சண்டை இங்கேதான் தொடங்கியது. அவளை மலைக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டு, அவளை வீட்டிலேயே உட்கார வைக்கிற பொருளைத் தேடிப்பிடித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கடையில் அழவில்லை. (அழுதேன். கொஞ்சம்.)

5

நாங்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது மேனேஜர் சுற்ற ஆரம்பித்தான். பிஸ்கட் வாசனை அவன் முதுகிலிருந்தே வந்தது. மூக்கைத் திருப்பினான், பையும் திரும்பியது. மறுபடி திருப்பினான். அலமாரிகளுக்கு நடுவே பம்பரமாய்ச் சுழன்று ஒரு பந்துக் கூடையைக் கவிழ்த்தான். கடைப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இத்தனை காலம் மலையில் அவன் அக்காவின் காலை ஒட்டியே நடந்ததை நாங்கள் பாசம் என்று நினைத்திருந்தோம். (அக்கா இப்போதும் பாசம் என்றுதான் சொல்கிறாள்.)

"அந்தப் பொட்டலத்தை எடுடி முதல்ல!" என்று அக்காவே பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மேனேஜர் அந்த நொடியே நின்றான். பிறகு அவள் பின்னால் நல்ல பிள்ளையாக நடந்தான்.

"அக்கா, இதுதான் உன் பங்கு. நீ முன்னாடி போகலேன்னா இவன் நகரமாட்டான்."

"பிஸ்கட்டெல்லாம் ஒரு சுமையா? யாருக்குக் காது குத்தற?"

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

அக்கா வருகிறாள். உச்சியில் காற்று வீசுகிறது. சகோதரிகள் கட்டிப்பிடித்துக்கொள்... (அக்கா கட்டிப்பிடிக்கிற ரகம் இல்லை. தோளில் ஒரு தட்டு தட்டுவாள், வலிக்கும்.)

டாக்டர் போன் செய்து, கொஞ்சம் பாரம் தூக்கலாம் என்கிறார். (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

அக்கா வரவில்லை. நானும் மேனேஜரும் தனியாக... (இதுதான் நடக்கும்போலிருக்கிறது. இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.)

7

கதவு திறந்தது. அக்கா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று முதலிலிருந்து படித்தாள்.

"என் முகம் எப்ப சுருங்கிச்சு?"

"நேத்து கடையில."

"விளக்கு கண்ணுல அடிச்சுது." மேலே படித்தாள். "மேலதிகாரி விஷயத்தை எடுக்காத. நல்லா இருக்கு." கடைசி வரிக்கு வந்தாள். "முடிவு எங்க?"

"நீதான் சொல்லணும்."

திரும்பி வெளியே போய்விட்டாள். சற்று நேரத்தில் வாசல் பக்கமிருந்து மேனேஜரின் கொக்கிகள் மாட்டப்படும் சத்தம். "ஒரு பக்கம் இழுக்குது பாரு! இதைக்கூடச் சமமா வைக்கத் தெரியல!" என்று ஒரு கத்தல். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"ஏய். கொஞ்சம் இங்க வா."

"என்னக்கா?"

"ஷூ லேஸ் கட்டணும்." குரலைத் தாழ்த்தினாள். "என்னால குனிய முடியல."

முதுகு போனதிலிருந்து யாரையும் கேட்கக் கூடாதென்றே செருப்பை மாட்டிக்கொண்டு திரிந்தவள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. என் லேஸ்களையெல்லாம் கட்டிவிட்டவள் அவள்தான்.

உச்சிவரை போனோமா, பாதியில் திரும்பினோமா, மேனேஜர் ஒழுங்காக நடந்தானா என்பதையெல்லாம் நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரட்டை முடிச்சாகப் போடப் போகிறேன். அதிலும் ஏதாவது குறை சொல்வாள், சொல்லட்டும், எனக்கு... (மறுபடி கூப்பிடுகிறாள். பேனாவை வைக்கிறேன்.)