போடாத ஊசி

குள்ளம்மாளின் கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகி உடம்பு அனலாய்க் கொதித்தது. பாலக்கோட்டு ஆலைக்குக் கரும்பு வெட்ட வந்தவர்களின் கொட்டகைகளில் காய்ச்சல் என்றாலே ஊசிதான். தலைப்பிள்ளையைக் காய்ச்சலுக்கே வாரிக் கொடுத்தவள் அவள். பதறியடித்துக்கொண்டு நர்ஸ் லூர்துமேரியிடம் ஓடினாள்.

லூர்துமேரி குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினாள். "சளிக் காய்ச்சல்தாங்க. ஊசி வேண்டாம்."

"மருந்து தீந்துபோச்சுன்னா சொல்லிருங்க நர்சம்மா."

லூர்துமேரி மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டினாள். குப்பிகள் நிறைய இருந்தன. "இருக்குதுங்க. இந்தச் சளிக்கு இது கேக்காது. சும்மா சும்மா போட்டா, நெசமா வேணுங்கறப்பவும் கேக்காமப் போயிரும். பால் குடுங்க. மூச்சு வாங்குனா, பால் குடிக்கலன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

கொட்டகைக்குத் திரும்பி அவள் சொன்னதும் புருஷன் பச்சியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "என் கால் வெட்டுக்கு மாத்திரைய அள்ளிக் குடுத்தவங்க, பச்சப்புள்ளைக்குக் கஞ்சத்தனம் பண்றாங்களா?" வேட்டி மடிப்பிலிருந்து கலர் மாத்திரை ஒன்றை எடுத்தான். காயம் காய்ந்ததும் விழுங்காமல் பத்திரப்படுத்தியது. மாத்திரையைப் பிரித்து, பொடியை வெல்லத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டுவது அங்கே வழக்கம்.

விடிந்ததும் குள்ளம்மாள் பொடியை உள்ளங்கையில் கொட்டினாள். வரப்பில் வெள்ளைச் சேலை தெரிந்தது. கணுக்கால் வரை சேறு.

"யாரும் கூப்பிடலயே நர்சம்மா?"

"ஊசி போட்டிருந்தா நேத்தே என் வேலை முடிஞ்சிருக்கும். போடல, அதான் வந்து பாக்கணும்."

மறுபடி மூச்சை எண்ணினாள். குழந்தை மார்பைத் தேடிப் பிடித்துக் குடித்தது. லூர்துமேரியின் முகம் தெளிந்தது. பிறகுதான் அந்தப் பொடியும் பிரித்துப் போட்ட கலர்க் கூடும் அவள் கண்ணில் பட்டன.

"அண்ணா, அது உங்க கால் மருந்தாச்சே! காலக் காட்டுங்க."

பச்சியப்பன் காலைப் பின்னுக்கு இழுத்தான். கட்டின் ஓரத்தில் மறுபடி சீழ்.

"பாதியில விட்டா இப்படித்தான். உங்களுக்குத்தான் இது வேணும்." கேட்காமலே புது மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தாள். "எல்லாத்தயும் முழுங்கணும். மடியில முடிஞ்சு வெக்கறதுக்கு இது வெத்தலையா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குள்ளம்மாள் பொடியை அடுப்புச் சாம்பலில் தட்டினாள்.

காய்ச்சல் இறங்குகிறவரைக்கும் அந்த வெள்ளைச் சேலை வரப்பில் வந்துகொண்டிருந்தது.

"நர்சம்மா ஊசி போட்டுத்தான கொணமாச்சு?" என்றாள் பக்கத்துக் கொட்டகை செல்லம்மாள்.

"போடல ஆத்தா," என்றாள் குள்ளம்மாள் பெருமையாக. "சேத்துல நடந்து நடந்து வந்தாங்க."