சும்மா இருக்காத பாத்திரங்கள்

பால் பாத்திரம் முதன்முதலாக மேலே போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு. அரை லிட்டர் பாலோடு அடுப்பிலிருந்து கிளம்பி, உப்பு டப்பா இருக்கும் முதல் தட்டில் சற்று நின்றது. இரண்டாம் தட்டிலும் நின்றது. மூன்றாம் தட்டில் ஏறவோ இறங்கவோ யாரும் இல்லை என்று தெரிந்ததும், அதே நிதானத்தோடு கீழே வந்து பர்னரில் உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை. எதிரே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் பயப்படவில்லை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் வருஷக்கணக்காக லிஃப்டைப் பராமரிக்கிறவர் அவர். பாத்திரம் ஏறும்போது குலுங்குகிறதா, நிற்கும்போது தட்டுக்குச் சமமாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார். சமமாகத்தான் நின்றது. முந்தின நாள் ஆட்டம் கண்டிருந்த அதன் கைப்பிடியை, லிஃப்டிலிருந்து கழற்றிய பழைய போல்ட் ஒன்றைப் போட்டு முடுக்கியிருந்தார். நல்ல போல்ட்டு என்று அப்போதே மனசுக்குப் பட்டது அவருக்கு.

உடைந்தது எதையும் தூக்கி எறிய அந்த மனுஷனுக்குக் கை வராது. மூடியின் குமிழ் கழன்று விழுந்தால், பாட்டில் கார்க் ஒன்றில் திருகாணியை ஏற்றி மாட்டிவிடுவார், கை சுடாது. திருகாணி பிடிக்காமல் சுற்றினால், மரையில் அலுமினியத் தாளைக் கிழித்துச் சுற்றி முடுக்குவார். குக்கர் ரப்பர் வளையம் தளர்ந்தால் அரை மணி நேரம் ஃப்ரீசரில் போட்டெடுப்பார். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய டம்ளர்களுக்கு உள்ளே ஐஸ் தண்ணீர், வெளியே வெந்நீர். இதெல்லாம் யார் வீட்டிலும் செய்கிற வேலை; இவற்றால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. வீட்டிலேயே பிறந்து வளர்ந்த சாமான்கள் வீட்டிலேயே அடங்கிக் கிடந்தன. வெளியே எங்கோ உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த சாமான்கள்தான் பழைய வேலையை விடமாட்டேன் என்றன.

காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிடி உடைந்தபோது, கட்டடத்தின் இரண்டாம் மாடித் தபால் நிலையத்தில் கழித்துப்போட்ட முத்திரைக் கட்டையின் மரப்பிடியைச் செதுக்கிப் பொருத்தினார். அன்றிலிருந்து நறுக்கிய ஒவ்வொரு வெங்காய வில்லையிலும் அன்றைய தேதி வட்டமாக விழுந்தது. ஃப்ரிட்ஜில் மிச்சம் இருப்பது நேற்றையதா முந்தாநாளையதா என்ற சண்டை அந்த வீட்டில் அதோடு ஒழிந்தது. கிழிந்த டீ வடிகட்டியைத் தொலைபேசிக் கம்பியால் தைத்தார். வடிகட்டும்போதெல்லாம் டீயோடு நாலு வீட்டுப் பேச்சும் இறங்கியது. மாடிவீட்டு அக்கா தன் நாத்தனாரிடம் போனில் பேசியதெல்லாம் மூன்று கப்பில் மொத்தமாகக் கேட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தத் தெருப் பெண்கள் சாயங்காலமானால் டீ குடிக்க இங்கேதான் வந்தார்கள். மாடிவீட்டு அக்காவே வந்தாள், தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க.

இதில் பெருமைப்பட லிஃப்ட்காரர் இருந்தார். அனுபவிக்க அவர் மனைவி இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வீங்கிய காலோடு வருகிறவளுக்கு, பால் இறங்கி வரும்வரை அடுப்பின் முன்னால் காத்து நிற்பது என்ன சுகம்? வெள்ளிக்கிழமைகளில் பாத்திரம் மூன்றாம் தட்டிலேயே நின்றுவிடும், ஏனென்றால் கட்டடத்தில் பராமரிப்பு நாள் வெள்ளிக்கிழமை. ஸ்டூல் போட்டு ஏறித்தான் பாலை எடுக்க வேண்டும்.

"ஏங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். சும்மா இருக்கற பாத்திரம். வச்சா வச்ச எடத்துல இருக்கணும், அவ்வளவுதான்," என்பாள்.

"இதுக்கு என்னம்மா குறை? நல்லாத்தானே ஓடுது," என்பார் அவர்.

"பாத்திரம் எதுக்குங்க ஓடணும்?"

அவர் சிரித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைப்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ் தருகிறேன், சமையலறையில் எல்லாம் புதுசு என்று மேட்ரன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் என்றுதான் சொன்னாளே தவிர, வேண்டாம் என்று சொன்னதில்லை. இது லிஃப்ட்காரருக்கும் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அவருக்குள் ஏதோ ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. அதை மட்டும் எந்தத் திருகாணியாலும் முடுக்க முடியவில்லை.

அந்த வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. அதில் தொங்குவது எதுவானாலும் வேண்டாத சாமான், லிஃப்ட்காரர் எடுத்துப் பழுதுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆணியில் தொங்காததை அவர் தொடக்கூடாது. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுடைய ஹேர்பின்கள் எல்லாம் சல்லடைக்குள் போனபிறகு ஏற்பட்ட ஒப்பந்தம் இது. இரண்டு பேரும் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றி வந்தார்கள்.

சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் நிறைந்தது. வார்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுத்தார்கள். அடர்ந்த நீலக் குழாய், பளபளக்கும் வட்டம், வட்டத்தின் விளிம்பில் அவள் பெயர் பொடி எழுத்தில். வீட்டுக்கு வந்து மூன்று பேருக்காவது காட்டியிருப்பாள். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அதை நன்றாகத் துடைத்துக் கழுவினாள். ஈரம் காயட்டும் என்று, கைக்குக் கிட்டே இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனாள். அசதி. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை மறந்துபோனாள்.

லிஃப்ட்காரர் அன்று கெட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதன் வளைந்த கைப்பிடிமேல் இருந்த பிளாஸ்டிக் வெடித்துக் கம்பி கையைச் சுட்டது. மூடிக்குக் குமிழும் இல்லை. ஆணியைப் பார்த்தார். குழாயை நீளவாக்கில் கீறிக் கம்பிமேல் உறைபோல மாட்டினால் சுடாது. வட்டமோ குமிழுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. சாமானைப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, கெட்டிலை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் அழகான வேலை என்று அதைப் பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சிஸ்டர் அதைப் பார்த்தாள். கெட்டில் மூடியின் உச்சியில் அவள் பெயர்.

"இதையும் வெட்டிட்டீங்களா?"

"ஆணியில தொங்குச்சேம்மா..."

"ஈரம் காயட்டும்னு மாட்டினேங்க. அது என்னன்னு கூடவா பாக்க மாட்டீங்க? இருபது வருஷம் நான் நின்ன காலுக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான்."

"புதுசு வாங்கித் தர்றேன்," என்றார் லிஃப்ட்காரர். அவர் வாயிலிருந்து அதுவரை வந்திராத வார்த்தை அது. அவள் காதில் அது விழவே இல்லை. அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள். பிறகு மேட்ரனுக்குப் போன் பண்ணி, குவார்ட்டர்ஸ் சாவியை எடுத்து வையுங்கள், இன்றே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்தாள்.

துணிகள் பெட்டிக்குள் போகிற சத்தம் ஒவ்வொன்றும் லிஃப்ட்காரருக்குச் சமையலறையில் கேட்டது. போகாதே என்று சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பார். தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுப்பது. பால் பாத்திரம் மாடி ஏறிக் காலத்தைக் கடத்தும் என்று அதைத் தொடவில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். பெட்டியோடு அவள் கூடத்துக்கு வந்து நின்றபோது, அவர் வாயில் வந்தது என்னவோ வீம்புதான்.

"போறதுன்னா போ. நான் என்ன, சமைக்கத் தெரியாதவனா? ரெண்டு முட்டைய வேக வச்சுத் தின்னுட்டுக் கெடப்பேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

தண்ணீர் சூடேறத் தொடங்கியது. கெட்டில் மூடி எழும்பி எழும்பித் தட்டியது: லப்டப், லப்டப், லப்டப். ஆவி தள்ளுகிற தட்டல் அப்படியா இருக்கும்? அது எந்த அவசரமும் இல்லாமல் குமிழி குமிழியாகக் கிளம்பும். இது நாய் துரத்தப் படியேறுகிறவன் நெஞ்சு ஓடுகிற ஓட்டம். சமையலறை முழுக்க அதிர்ந்தது. கரண்டிகள் கம்பியில் கிணுகிணுத்தன. சிஸ்டர் சமையலறை வாசல்படியில் வந்து நின்றாள். பெட்டி இடது கையில். வலது மணிக்கட்டு தானாகத் திரும்பி, பார்வை வாட்சில் விழுந்தது. இருபது வருஷப் பழக்கம் கோபம் பார்க்குமா? பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினாள்.

"நூத்தி இருபத்தெட்டு," என்றாள். "என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. ஆவிம்மா அது."

மூடி இன்னும் வேகமாகத் தட்டியது.

"ஏறுது பாருங்க. நூத்தி முப்பத்தாறு. ஒண்ணும் இல்லாத மனுஷனுக்கு இப்படியா அடிக்கும்?"

லிஃப்ட்காரர் மூடியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். சத்தம் அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து இன்னும் பெரிதாக வந்தது. மானம் போயிற்று. "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

சிஸ்டர் பெட்டியைக் கீழே வைத்தாள், போகவேண்டாம் என்று தீர்மானித்து அல்ல. நாடி நூற்று முப்பத்தாறு இருக்கிற ஒருவரை நிற்கவிடக் கூடாது என்பது அவள் படித்த படிப்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்படி உட்கார வைத்ததில் அடுப்புக்கு அருகே நிற்பவள் அவள் ஆகிப்போனாள். மூடி ஒரு தட்டுத் தயங்கியது. பிறகு வேறு தாளத்தில் தொடங்கியது. மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிறவர் லிஃப்ட்காரர். அவருக்கா வித்தியாசம் தெரியாது? காதைச் சாய்த்தார். இது அவருடையதைவிட வேகமாக அடித்தது.

"இது யாருது?" என்று கேட்டார்.

சிஸ்டர் சட்டென்று கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"கேஸ் வீணாகுது," என்றாள்.

அன்று டீ இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்கு அரை மணி தாமதமாகப் போனாள்; சாயங்காலம் வழக்கமான பஸ்ஸில் வந்தாள். வரும் வழியில் கடையில் இறங்கிச் சும்மா இருக்கிற பாத்திரம் ஒன்று வாங்கிவந்து அடுப்பில் வைத்தாள். குவார்ட்டர்ஸை அடுத்த வாரம் லேப் டெக்னீஷியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கெட்டிலைப் பற்றித் தெருவில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. மாடிவீட்டு அக்கா ஒருநாள் அதை இரவல் வாங்கிக்கொண்டு போய், புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது அடுப்பில் வைத்தாள். பத்தே நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவருக்கு எழுபதுக்கு மேலே ஏறவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் வீட்டில் இன்றும் சண்டை வருகிறது, மாதத்துக்கு இரண்டு தடவையாவது. ஆனால் போகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் அவளும், போ என்று சொல்வதற்கு முன்னால் அவரும், கெட்டில் அடுப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள்.