கண்ணாடி அறையின் குளிர்

எங்கள் மிளகாய் வத்தல் மண்டியில் கம்ப்யூட்டர் அறைக்குள் போகிற எவரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சொந்த வீட்டுக்குள்ளேயே செருப்போடு உலாத்துகிற முதலாளி ராமசுப்புகூடக் கழற்றிவிட்டுத்தான் போவார். கோவில்பட்டிக் கரிசல் புழுதியும் வத்தல் நெடியும் பட்டால் மெஷின் போய்விடும் என்று, வாங்கிய புதிதில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். மண்டியின் ஒரு மூலையைக் கண்ணாடியால் அடைத்து, ஏசி மாட்டி, இரண்டு கம்ப்யூட்டர்களை அங்கே குடிவைத்தார். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. வெளியே நாங்கள் தும்மித் தும்மிச் சாக, அவை உள்ளே ஜம்மென்று குளிரில் இருந்தன.

எனக்கு அப்போதே வயிறு எரியும். கணக்கப்பிள்ளை கடற்கரை என்றால் சிடுமூஞ்சி என்று மண்டியில் எனக்குப் பெயர். இருக்கட்டும். வத்தல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற இடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மூஞ்சியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

ஆனால் அந்தக் குளிரில்தான் ஒரு மனுஷிக்கு மூச்சு ஓடியது. அது எனக்கு மட்டும் தெரியும். மூத்த ஆபரேட்டர் அமுதவள்ளிக்கு இளைப்பு நோய். வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போனவர், போனதோடு சரி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் செய்யாது. வெளியே வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்தபடி மருந்துக் குழலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன்.

"அண்ணாச்சி, மொதலாளிட்ட சொல்லிராதிய. சீக்குக்காரின்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாவ."

"நான் ஏன் சொல்லுதேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றேன்.

அன்றிலிருந்து எடைச் சீட்டுகளை நானே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றி மாட்டுவது பெரிய ரோதனை.

இரண்டாயிரத்து மூன்றில் மழை ஏமாற்றியது. வத்தல் வரத்து படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இரண்டு கம்ப்யூட்டர்களும் சேர்ந்து மக்கர் செய்தன. ஒன்றில் திரை ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று பின்பக்கம், பொடதியில் ஓங்கித் தட்டினால்தான் உயிர் பெறும். தட்டுகிறவள் முத்துசெல்வி, இரண்டாவது ஆபரேட்டர். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கீதாரி வீட்டுப் பெண். மேய்ச்சலுக்குப் புல் இல்லாமல் அவள் அப்பா ஆடுகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

முதலாளி, கம்ப்யூட்டர் கடை செல்வகணேஷை வரச் சொன்னார். அவன் விலையைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"ரெண்டு வாங்க நம்மகிட்ட ஏது தம்பி துட்டு?"

"அண்ணாச்சி, இப்ப வார மெஷினுக்கு ஏசியே வேண்டாம். அதை வித்தா ஒண்ணுக்குத் தேறும். கரண்டு பில்லும் மிச்சம்."

"அது உங்க கடைக்குச் சரி தம்பி. இங்கன வத்தல் நெடியில ஏசி இல்லாம ஒரு மாசம் தாங்குமா?" என்று குறுக்கே பாய்ந்து அவனை ஒரு முறை முறைத்தேன். என்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும் பயல் சுதாரித்துக்கொண்டான்.

"ஆமா... ஏசி இருந்தா நல்லதுதான்" என்று இழுத்தான்.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் முதலாளி முடிவு சொல்லிவிட்டார். "அப்பம் ஏசி கிடக்கட்டும். ஒரு மெஷின் போதும். வரத்து கம்மிதான? அமுதவள்ளி பாத்துக்கிடுவா. சின்னவளை இந்த மாசத்தோட அனுப்பிருவோம்."

ஒருத்தியின் மூச்சைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தியின் சோற்றில் கை வைத்துவிட்டேனே! என்ன சொல்லிச் சமாளிக்க?

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. கையில் பில்லோடு அமுதவள்ளி அங்கே நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"புது மெஷினுக்கு ஏசி வேண்டாம் மொதலாளி. உறை தச்சுப் போட்டாலே போதும், தூசி அண்டாது. ரெண்டா வாங்கிருங்க" என்றாள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாவே கடற்கரை! வேலை பாக்குதவளே சொல்லுதா."

மத்தியானம் அவளைத் தொட்டிப் பக்கம் நிறுத்தி வைத்துத் திட்டினேன். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நெடியில எப்படிட்டி இருப்ப?"

"ஈரத்துண்டு கட்டிக்கிடுதேன் அண்ணாச்சி. எனக்கு மருந்து இருக்கு. அவ வீட்டுப் பசிக்கு என்ன மருந்து இருக்கு?" என்றாள். "அவகிட்ட மூச்சு விட்டிராதிய."



ஏசி ஒரு நகைக்கடைக்குப் போனது. கண்ணாடியைப் பிரித்தார்கள். கதவு ஓடிய இரும்புத் தண்டவாளம் மட்டும் தரையில் மிஞ்சியது. புது மெஷின்கள் இரண்டும் அதே மூலையில் திறந்தவெளியில் உட்கார்ந்தன. அமுதவள்ளியே நீலத் துணியில் உறை தைத்துக்கொண்டு வந்தாள். அறை போனாலும் முதலாளி சட்டத்தை விடவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். இல்லாத கதவுக்கு நாங்கள் மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

வரத்து இல்லாத மாதங்களை அவள் ஈரத்துண்டோடு ஒப்பேற்றினாள். ஆனால் மறு ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊருக்கே சந்தோஷம். நான் மட்டும் இனி வந்து இறங்கப்போகிற மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாசி பிறந்ததும் வண்டி வண்டியாக வத்தல் வந்து இறங்கியது.

ஒருநாள், அடுக்கி வைத்த அட்டியில் மேலே கிடந்த மூட்டை ஒன்று சரிந்து, வாய் பிரிந்து, அந்த மூலைப் பக்கம் கொட்டியது. செக்கச்செவேல் என்று தூசி எழும்பியது. ஆளாளுக்கு இருமல்.

"ஏலே, கம்ப்யூட்டரை மூடுங்கலே!" என்று முதலாளி கத்தினார்.

அமுதவள்ளி தன் மெஷினுக்கு உறையைப் போட்டு நாலு மூலையும் இழுத்துவிட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. மருந்துக் குழலை எடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது. நானும் முத்துசெல்வியும் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

உயிர் தப்பியது. ஆனால் வத்தல் இருக்கிற திசைக்கே இனி போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையருகே முத்துசெல்வி என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள். "அக்காவுக்கு இப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?" பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அமுதவள்ளியின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் நானும் முத்துசெல்வியும் மண்டிக்குத் திரும்பி வந்தபோது முதலாளி எழுந்து வந்தார். "சீக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நான் என்ன மனுசன் இல்லையா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பிய மொதலாளி?" என்றேன்.



தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அமுதவள்ளியின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. காலையில் கழற்றிவிட்டது. ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தாள். முத்துசெல்வி குனிந்து அதை எடுத்தாள். தன் செருப்பைக் கழற்றாமலே தண்டவாளத்தைத் தாண்டி மெஷின் பக்கம் போனாள். அமுதவள்ளி போட்ட உறையை உருவி, அந்தச் செருப்பை அதில் பத்திரமாகச் சுற்றினாள்.

"ஏட்டி, அது மெஷினுக்குப் போடுத உறை..." என்று ஆரம்பித்த முதலாளி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.