எடுத்த ரத்தத்துக்கு ஈடு

மாதம் பிறந்தாலே வெள்ளையம்மாவுக்குக் கவலையும் பிறந்துவிடும். புருஷன் திம்மராயனுக்கு ரத்தம் எடுக்கும் நாள் வந்துவிடும்.

திம்மராயனுக்கு உத்தனப்பள்ளியில் பன்னிரண்டு ஏக்கர் ராகி நிலம் உண்டு, அதற்கேற்ற தொந்தியும் உண்டு. ஊருக்கு அந்தத் தொந்திதான் வெள்ளையம்மாவின் கைமணத்துக்குச் சாட்சி. ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம், களத்தில் நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓசூர் டாக்டர் ஊசி நிறைய ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார். நாலு நாளில் சீட்டு வந்தது. ரத்தத்தில் சர்க்கரை அதிகம், கொலஸ்ட்ரால் என்கிற கொழுப்பு அதைவிட அதிகம்.

"இதே உடம்போட போனா நெஞ்சு தாங்காதும்மா. நெய், கறி, வெல்லம் எதுவும் ஆகாது. உடம்பு இளைக்கணும். மாசாமாசம் ரத்தம் பார்க்கணும்" என்றார் டாக்டர். சொன்னது அவரிடமில்லை, இவளிடம். உயிர் அவருடையது, பொறுப்பு இவளுடையது.

பத்தியம் வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் உடம்பிலிருந்து ரத்தம் போனால் அதைச் சாப்பாட்டால் ஈடுகட்ட வேண்டும் என்பது உறவுக்காரர்களுக்கு எழுதாத சட்டம். ரத்தம் எடுத்த அன்று சாயங்காலமே சூளகிரியிலிருந்து மூத்த நாத்தனார் பூவம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"ஊசி நெறைய உறிஞ்சிட்டானாமே பாவி! என் தம்பி எப்படி நடமாடுவான்?"

ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், ஒரு தூக்கு நெய், எள்ளுருண்டை. அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்தால், எடுத்ததற்கு ஈடாகக் கொழுப்பே வந்து குவிகிறது. இதை யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

திருப்பிக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும். கொட்டினால் பாவம். பண்ணையாள் கரியப்பனுக்கு ஒருமுறை கொடுத்தாள். சேதி எப்படியோ சூளகிரிக்குப் போய், "என் தம்பிக்குக் கொண்டாந்தத ஆளுக்குப் போடறியா?" என்று பூவம்மாள் நடுத்தெருவில் நின்று அழுதாள். அன்றிலிருந்து வெள்ளையம்மா வேறு வழி பார்க்கவில்லை. புருஷனுக்குக் கொஞ்சம் களியும் கீரையும் போட்டுவிட்டு, மீதியை அடுப்படியில் நின்றபடியே தானே தின்று தீர்த்தாள். ஒரு நாளில் தீராது, வாரக்கணக்கில் வரும். பசிக்குத் தின்றால் ருசி தெரியும். இது சாணி வாருவது, தண்ணீர் சேந்துவது மாதிரி இன்னொரு வேலை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால்தான் அன்றைய பொழுது முடிந்தது.

ஆடியில் திம்மராயனுக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சர்க்கரை இறங்கிவிட்டது, கொழுப்பும் இறங்கிவிட்டது. அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் வெள்ளையம்மாவை அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க கைய நீட்டுங்கம்மா."

நாலு நாள் கழித்து இருவரும் போனபோது, டாக்டர் அவள் சீட்டை இரண்டு தரம் படித்தார்.

"தையில இவரு எங்க இருந்தாரோ, அதுக்கு மேல நீங்க இருக்கீங்க. நெஞ்சு வலி உண்டா?"

"அசதிதாங்க."

"எவ்வளவு நாளா?"

வெள்ளையம்மா யோசித்துப் பார்த்தாள். அசதி இல்லாத நாள் எது என்று நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை பூவம்மாள் நெய்த்தூக்கோடு வந்து நின்றாள். வெள்ளையம்மாவுக்கு ஒரு கணம் மனசு இளகியது. தனக்கும் ரத்தம் எடுத்தார்களே, அதற்காக வந்திருக்கிறாள். பூவம்மாள் நேராகத் தம்பியிடம் போய்த் தூக்கை வைத்தாள்.

"இவளுக்கும் முடியலையாமே. இனி உனக்கு யாருடா ஆக்கிப் போடுவா? நீ நல்லா சாப்பிடு."

வெள்ளையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உரக்கப் பேசவும் தெம்பில்லை.

"ஏங்க, ஆறு மாசமா உங்க பங்க நான்தான் தின்னேன். அக்கா கொண்டாந்த நெய்யி, ஈரலு எல்லாம். உங்க உடம்புல எறங்கினது எல்லாம் என் உடம்புல ஏறியிருக்குது. இனிமே என்னால ஆகாது. இந்தத் தூக்கத் திருப்பி அனுப்பிடுங்க."

திம்மராயன் தூக்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா மனசு நோகுமே" என்றார்.

"நோகட்டும்" என்றாள் வெள்ளையம்மா.

பூவம்மாள் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடி வாசலைத் தாண்டினாள். "அக்கா! அக்கா, நில்லு!" என்று திம்மராயன் பின்னாலேயே இறங்கினார்.

வெள்ளையம்மா தரையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். தையில் தெருமுனைக்குப் போக மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்த மனுஷன், இன்று இளைப்பே இல்லாமல் அக்காவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.