சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற என்ஜின்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொல்பவன் நாக்கு அழுகிப் போகட்டும்.

ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிய வைத்தியருக்குக் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது தோட்டத்தின் நடுவே சுவர் வந்துவிட்டது. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து போட்ட குட்டி ரயில் பாதை மட்டும் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதில் கை வைக்கத் தம்பிக்கும் மனசு வராது என்று நம்பி, சுவரின் அடியில் இரண்டு ஓட்டை விடச் சொன்னார் வைத்தியர். போக ஒன்று, வர ஒன்று.

பிறகு என்ஜின் வாங்கப் போனார். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் நிஜ நீராவியில் ஓடுபவை. ஒன்றுக்கு ஸ்பிரிட், ஒன்றுக்கு கேஸ், ஒன்றுக்குக் கரி. எல்லோரையும் போல இவரும் நிற்காமல் ஓடுவதைத்தான் கேட்பார் என்று கேஸ் என்ஜினை முன்னால் நகர்த்தினார்.

"எனக்கு நிக்கிற என்ஜின் வேணும்," என்றார் வைத்தியர்.

"தண்ணி தீர்ந்தா எல்லாமே நிக்கும் சார்."

"எங்க நிக்கணும்னு இருக்குல்ல? சுவரைத் தாண்டி, என் தம்பி வாசப்படிகிட்ட நிக்கணும்."

கணக்கு இவ்வளவுதான். என்ஜின் அங்கே நின்றால் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியாக வேண்டும். தட்டினால் வாயைத் திறந்தாக வேண்டும். அண்ணன் இறங்கி வந்தான் என்ற பேரும் வராது.

"நேரா போய் எப்படிடா இருக்கன்னு கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் மனைவி.

"அவன்தான் சின்னவன். அவன் வரட்டும்."

வாங்கி வந்த மூன்றில் முதலில் ஸ்பிரிட் என்ஜின். அரைக் கொதிகலன் தண்ணீரோடு அனுப்பினார். ஓட்டைக்குள் போனது, மறு ஓட்டை வழியாகத் தண்ணீர் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தது. யாரோ பளபளவென்று துடைத்தும் விட்டிருந்தார்கள். தன்னை அழுக்கன் என்று தம்பி குத்திக்காட்டுவதாக வைத்தியர் அன்று முழுக்கப் பொருமினார். அடுத்து கேஸ் என்ஜின். அது கக்கிய ஆவி சுவருக்கு மேலே மேகமாகத் திரண்டு, வைத்தியர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிமேல் மட்டும் மழையாகக் கொட்டியது. எதிர்வீட்டுக்காரர்கள் நடுத்தெருவில் நின்று பார்த்தார்கள். அதுவும் திரும்பி வந்துவிட்டது.

கடைசியில் கரி என்ஜின். இருப்பதிலேயே சோம்பேறி, லேசான மேட்டில்கூட மூச்சு வாங்கும் என்று கடைக்காரரே கைவிரித்த சரக்கு. வைத்தியருக்கு வாயெல்லாம் பல். ஒரு பிடி கரி போட்டு, விசில் அடித்து அனுப்பினார்.

அது திரும்பவில்லை.

வைத்தியர் நல்ல சட்டை போட்டுக்கொண்டார். நாற்காலியை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, தம்பி கண்ணைக் கசக்கினாலும் உடனே இளகிவிடக் கூடாது என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். பல்வலியோடு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி திரும்பிப் போனார்கள். அழைப்பு மணியில் சிலந்தி வலை கட்டிக் குடும்பம் நடத்தியது. கதவு திறந்தபோது வந்தது கடைக்குப் போயிருந்த மனைவி.

"ஏங்க, உங்க தம்பி வீட்டை வித்துட்டு ஊரை விட்டே போயிட்டாராம். தெருவே சொல்லுது. நமக்குத்தான் ஒரு வார்த்தை இல்ல."

வைத்தியர் நல்ல சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். என்ஜின் அங்கே கிடக்கிறதா பார்த்தாயா என்று கேட்டார். அப்படி எதுவும் கண்ணில் படவில்லை என்றாள்.

"அப்ப கையோட எடுத்துட்டுப் போயிருக்கான்," என்றார். "என்ன இருந்தாலும் என் தம்பி."

அன்றிலிருந்து நாற்காலியில் சாயும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறார். வாய்க்குள் இடுக்கி இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

சுவர் எழும்பிய வாரமே தம்பி தன் பக்கத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டார். முதல் இரண்டு என்ஜினும் அங்கே எதன்மேல் ஓடித் திரும்பின என்று மட்டும் கேட்கக் கூடாது.