ரெண்டாம் வாய்ப்பாடு

ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் ரத்தம் எடுக்க வேண்டுமாம். எந்த மகராசன் போட்ட சட்டமோ! என் மகள் வாலுவுக்கு உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் அவள் வண்டி ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் அவளிடம் கொஞ்சம் எடுத்து, பையிலிருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அந்தக் கொஞ்சத்தை எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். நரம்பே அகப்படாது. குத்துவார்கள், துழாவுவார்கள், மறுபடி குத்துவார்கள்.

பிடித்துக்கொள்வது நான். அவள் அப்பா ஊசியைப் பார்த்தாலே சாய்ந்துவிடுகிற மாவீரர், வராந்தாவோடு சரி. அவள் கால்களை என் தொடைக்குள் இடுக்கி, கையை அழுத்திக்கொள்வேன். "விடும்மா!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். விடமாட்டேன். பெத்த மனம் பித்து என்பார்கள்; அந்த அறையில் என் மனம்தான் கல். இப்போதெல்லாம் தலைவாரிவிடத் தொட்டாலும் சுருங்கிக்கொள்கிறாள்.

இந்த முறை பொருத்தமான ரத்தம் கிடைக்காமல் நாள் தள்ளிப்போயிற்று. கிடைத்தபோது அவள் உதடெல்லாம் வெளுத்து, நாலு படி ஏற முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"புது மெஷின் வந்திருக்குடா தங்கம். முதல்ல வெறும் வெளிச்சம்தான்," என்றார் ரத்தம் எடுக்கும் சிஸ்டர்.

மேசை விளக்கு போன்ற ஒன்றை வாலுவின் கைமேல் காட்டினார். பச்சை வெளிச்சத்தில் நரம்புகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. இத்தனை வருஷம் குத்திக் குத்தித் தேடியது அங்கேயேதான் இருந்திருக்கிறது! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஐ, கைக்குள்ள வேரு!" என்றாள் வாலு. பிறகு சிஸ்டரிடம், "நானே நீட்டுறேன். அம்மா வெளிய போகட்டும்."

"நான் போனா யாருடி பிடிப்பா?"

"யாரும் பிடிக்கக் கூடாது. அதான்."

சிஸ்டர் கண்ணைக் காட்டினார். போனேன். கதவு சாத்திக்கொண்டது.

சத்தமே இல்லை. அந்த அறையில் அவள் கத்தாமல் இருந்ததே கிடையாது. ஒரே ஒரு தடவை பாதியில் அடங்கினாள், அன்று மயங்கிப்போயிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு, "என்னாச்சு?" என்று ஓடினேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஊசி நரம்புக்குள் போய், குழாயில் முதல் சொட்டு எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், பிடிக்கத்தான் வந்துவிட்டேன் என்று வாலு கையை வெடுக்கென இழுத்தாள். பச்சை வெளிச்சத்தில் கறுப்பு திட்டாகப் பரவியது. நரம்பு கிழிந்துவிட்டது.

"என்னம்மா நீங்க!" சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இருந்ததுலயே நல்ல நரம்பு அது. இன்னொரு கையில மெல்லிசா ஒண்ணுதான் தெரியுது. இன்னிக்கு ஏத்தலேன்னா குழந்தைக்கு இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், தெரியும்ல?"

தெரியும். பாவி, நானே கெடுத்தேன்.

வாலு அழவில்லை, அதற்குத் தெம்பில்லை. "ஏம்மா வந்த?"

"நீ கத்தலையேடி. செத்துட்டியோன்னு..." வரக்கூடாத வார்த்தை வாயில் வந்துவிட்டது.

கொஞ்சம் யோசித்தாள். "சரி, நான் ரெண்டாம் வாய்ப்பாடு சொல்றேன். சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம். போ."

வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒரு ரெண்டு ரெண்டு... ரெண்டு ரெண்டு நாலு..." குரல் கதவு வழியாக மெலிந்து வந்தது. "ஆறு ரெண்டு பன்னெண்டு... ஏழு ரெண்டு..."

நின்றுவிட்டது.

திறந்தால் மிச்சமிருக்கும் நரம்பும் போகும். திறக்காவிட்டால்?

"பதினாலுடி! பதினாலு!" என்று அலறினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

உள்ளேயிருந்து, "தெரியும்மா. மூச்சு வாங்குது, அதான்."

"நீ பேசாத, செல்லம். நான் சொல்றேன், நீ கேளு."

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னேன். ரெண்டு முடிந்து மூன்றாம் வாய்ப்பாட்டில் பாதி போனபோது கதவு திறந்தது. சிஸ்டர் கையில் குழாய், சிவப்பாக. "கிடைச்சிடுச்சு!" என்று ரத்த வங்கிப் பக்கம் ஓடினார்.

எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. வாசலிலேயே நின்று, "வரட்டுமாடி?" என்று கேட்டேன்.

"வா," என்றாள் வாலு. "கைய மட்டும் பின்னால கட்டிக்கிட்டு வா."