மூன்றாம் மாடி உரம்

சோப்புத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் பிரிவை மூடியபோது, அங்கே மேற்பார்வை பார்த்தவளைச் சுற்றுச்சூழல் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு மேலாளர், அவள். ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பச்சைத் தொட்டிகளில் காய்கறித் தோல் உரமாகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை.

எங்கும் ஆகவில்லை. காற்றோட்டத்துக்காகத் தொட்டியில் துளை போட்டிருந்ததால் ஒரு வீட்டில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அழுக்குத் துணி. அவளுடைய நாத்தனாரே அதைக் கவிழ்த்துப் போட்டு, ஏறி நின்று ஒட்டடை அடித்தாள். கேட்டதற்கு, உன் கம்பெனி கொடுத்ததிலேயே உருப்படியான சாமான் இதுதான் என்றாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது கால் கடுப்பைவிட, வாசலுக்கு வாசல் சிரித்து வைத்ததில் தாடைதான் அதிகம் வலிக்கும்.

ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த தையல்காரம்மா மட்டும் சொன்னபடி செய்திருந்தார். தன் தொட்டி நிறைந்ததும், அக்கம்பக்கத்தார் வேண்டாமென்று ஒதுக்கிய தொட்டிகளையும் வாங்கி நிரப்பியிருந்தார். வாசலில் நாலு தொட்டி. மூடியைத் திறந்தால் ஈர மண் வாசனை.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்மா. இப்ப இதை யாரு வந்து எடுத்துக்குவாங்க? எங்கிட்ட ஒரு பூந்தொட்டிகூட இல்ல."

பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி வரவேயில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தாள்.

மேலாளர் கெட்டவரல்ல, அவரும் ஓய்ந்து போயிருந்தார். ஆலைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றதற்கு, தோட்டம் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது, அவர் வெளி உரத்தைத் தொடமாட்டார் என்றார். தொட்டித் திட்டமும் இந்த மாதத்தோடு முடிகிறது, அடுத்தது துணிப்பை என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடியே படியேறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது அதற்கும் தெம்பில்லை.

"யாரும் வரமாட்டாங்கக்கா. எடுக்க ஆள் வேணும்னு எங்க ஆபீஸ்ல யாருக்குமே தோணல. இனிமே குப்பையிலேயே போட்டுடுங்க."

தையல்காரம்மா கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த சட்டையை முடித்து, மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவர் பேசினார்.

"கை பழகிடுச்சும்மா. இனிமே குப்பையில போட மனசு வராது. ஒரு பக்கம் பிடி, கீழ கொண்டுபோயிடலாம்."

தளத்துக்குத் தளம் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்தார்கள். ஆலை மதிலோரம் புல்கூட முளைக்காத ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதில் கொட்டிப் பரப்பினார்கள். காவலாளி வந்து யார் உத்தரவு என்று விசாரித்தார். சுற்றுச்சூழல் பிரிவு என்றாள். தலையாட்டிவிட்டுப் போனார்.

துணிப்பை வந்தது. அதையும் வீடு வீடாகக் கொடுத்தாள். இடையிடையே தொட்டி இறக்குவதும் நடந்தது. யாரும் விதைக்காமலே மதிலோரம் தக்காளி முளைத்தது. பழுக்குமுன் யாரோ பறித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, படமெடுத்து ஆண்டறிக்கையில் போடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். அப்புறம் இதையும் திட்டமாக்கி, ஒரு மாசத்துல முடிச்சிடுவாங்க."

அவர் கையிலெடுத்த போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று இரண்டு தொட்டி நிறைந்திருப்பதாகத் தையல்காரம்மா சொல்லியனுப்பியிருந்தார். அவள் படியேறப் போனாள்.